பாதரசத்தின் பூட்ஸ்

அவளுக்குப் பாதரசம் என்று பெயர் வைத்தவன் அவளுடைய தம்பிதான். பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. மண் லாரி ஓட்டுகிறவர்கள்கூடப் போனில், "பாதரசம் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். "இருக்கேன், எங்க இருக்கேன்னு மட்டும் கேக்காதீங்க" என்பாள் அவள். ஓரிடத்தில் உட்கார்ந்து அவள் ஒரு வாய் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. டம்ளரோடு நடப்பாள், வைத்த இடத்தை மறப்பாள், இன்னொன்று கேட்பாள். மதில் மேலும் மண்குவியல் மேலும் ஆறிப்போன டம்ளர்கள் கிடந்தால் பாதரசம் அந்தப் பக்கமாகப் போயிருக்கிறாள் என்று அர்த்தம்.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே தொழில். மேடும் பள்ளமுமான நிலத்தைச் சமன்படுத்தி, சரிவைப் படிப்படியாக வெட்டி, சுவர் கட்டி, புல் விரித்துத் தோட்டமாக்கிக் கொடுப்பார்கள். அளவெடுப்பது, கல் அடுக்குவது, வேலை கொடுப்பவரிடம் இனிக்க இனிக்கப் பேசுவது எல்லாம் தம்பி. மண்ணை இறுக்குவது அக்கா. சுவருக்குப் பின்னால் மண்ணைக் கொட்டி, ஒரு சாண் உயரம் வந்ததும் மெஷினை விட்டு இடிக்க வேண்டும். அது இறுகிய பிறகுதான் அடுத்த சாண். அவசரப்பட்டு அள்ளிக் கொட்டினால் ஒரு நல்ல மழைக்கு மண் உட்கார்ந்துவிடும், சுவர் தொப்பை போட்டுவிடும். எதிலும் அவசரக்காரியான பாதரசத்துக்கு இந்த ஒரு வேலையில் மட்டும் எங்கிருந்து பொறுமை வந்தது என்பது தம்பிக்கே விளங்காத விஷயம்.

அந்த மெஷின் அவள் இடுப்பு உயரம். கீழே தட்டையான பாதம், நடுவில் எஞ்சின், மேலே கைப்பிடி. பிடித்துக்கொண்டு முடுக்கினால் குதித்துக் குதித்துப் போகும். அதனால் இவர்கள் அதைக் குதிரை என்பார்கள். மண் இளகியிருக்கும்வரை குதிரையின் சத்தம் பொத்பொத்தென்று இருக்கும். இறுகிவிட்டால் கணீரென்று மாறும், கைப்பிடி உள்ளங்கையை எதிர்த்து உதைக்கும். "போதும்" என்பாள். அவள் போதும் என்ற இடத்தில் இதுவரை ஒரு சுவரும் சரிந்ததில்லை.

இத்தனை வருஷம் உதைபட்ட கை சும்மா இருக்குமா? ஈரக்காற்று வீசும் காலை வேளைகளில் விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுக்கத் தொடங்கின. பிறகு மதமதப்பு. அதுவும் சும்மா உட்கார்ந்தால்தான் தொந்தரவு. நடந்தால், கையை உதறினால், சூடான டம்ளரைப் பிடித்தால் கொஞ்ச நேரம் மறக்கலாம். அவள் டீ கேட்டது பெரும்பாலும் குடிக்க அல்ல. பாதரசம் என்று ஊர் சிரித்ததில் பாதிதான் பிறவிக் குணம், மீதி இந்த விரல்கள்.

அவளுடைய கணவர் தையல்காரர். உட்கார்ந்தால் எழுந்திருக்காத மனிதர். இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் பேசியவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். ஒருநாள் சாயங்காலம் நாற்காலியில் கிடந்த அரைகுறை ரவிக்கையை எடுத்து ஓரமாக வைத்தவள், "என்னங்க இது, புதுத் துணியில கறை?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலில் பாதிக்கு இறங்கியிருந்த ஊசியை மெதுவாக உருவினார்.

"வலிக்கலையா?"

"வலிச்சா கத்தமாட்டேனா? என் தொண்டை உங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பைப் பாதியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவளும் அடங்கினாள்.

"டாக்டர்கிட்ட போவோம்."

"போனா என்ன சொல்லுவாரு? மெஷினைத் தொடாதேம்பாரு. அப்புறம் நான் என்ன செய்யறது, உங்க பக்கத்துல உக்காந்து பட்டன் தைக்கறதா? அதுவும் வராது இப்ப." கையை உதறிக்கொண்டாள். "தம்பிகிட்ட மூச்சு விடக்கூடாது. சொல்லிட்டேன்."

வேலையை விட்டு வீட்டில் உட்காருவது என்ற நினைப்பே அவளுக்குக் குலைநடுக்கம். கை போனால் என்ன, காது இருக்கிறது, குதிரையின் சத்தம் கேட்கிறது, அது போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். சத்தத்தில் அவள் ஏமாறவும் இல்லை. ஏமாற்றியது பூட்ஸ்தான்.

காலையில் கணவர் குனிந்து பூட்ஸ் லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டு அனுப்புவார். தையல்காரர் முடிச்சு, சாமானியத்தில் அவிழாது. ஆனால் குதிரையின் அதிர்வுக்கு மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடும். முதல் தடவை அவிழ்ந்தபோது ஒரு மண்குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து கட்டிப் பார்த்தாள். லேஸ் விரலிடுக்கில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பல்லால் இழுத்துப் பார்க்கலாம் என்றால் வாய் அவ்வளவு தூரம் எட்டவில்லை. ஆத்திரத்தில் இரண்டையும் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலோடு வந்து குதிரையைப் பிடித்தாள்.

"என்னக்கா, பூட்ஸ் எங்க?" என்றான் தம்பி.

"மண்ணு இறுகிடுச்சான்னு காலுக்குத்தான்டா முதல்ல தெரியும். இத்தனை நாள் பூட்ஸ் போட்டு அதைக் கெடுத்துட்டேன்."

நல்ல பச்சைப் பொய். ஆனால் சொன்ன வேகத்தில் அவளுக்கே பாதி நிஜமாகப் பட்டது. வேலையாட்கள் வாயைப் பிளந்தார்கள். கல் சுமக்கும் நெட்டையன் தானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறுகிய மண்ணில் நின்று, "ஆமாக்கா, ஒரு மாதிரி குறுகுறுன்னுதான் இருக்கு" என்றான். அவன் நின்றது எறும்புப் புற்றில். கதை மற்ற தளங்களுக்கும் பரவி, காலால் மண் பார்க்கும் அக்கா என்று கால் முளைத்துவிட்டது. தம்பி மட்டும் வெறுங்காலுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் குதித்துக்கொண்டிருந்த இரும்புப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மருத்துவமனைக்குப் பின்புறச் சரிவில் தோட்டம் போடும் வேலை வந்தது. சுவர் நெஞ்சளவு எழும்பியிருந்த நாளில், பாதரசம் காலையில் போய்ப் பார்த்தால் குதிரையைக் காணோம். அது நிற்கும் இடத்தில் பெரிய டிரங்குப் பெட்டி அளவில், பல் வைத்த உருளைகளோடு, பளபளவென்று ஒரு மஞ்சள் மெஷின். பக்கத்தில் மடிப்புக் கலையாத சட்டையில் மெஷின் கம்பெனிக்காரர்.

"இதைக் கையால தொடவே வேண்டாம் மேடம்" என்று ஆரம்பித்தார் அவர். "ரிமோட்தான். பத்தடி தள்ளி நின்னு ஓட்டலாம். அதிர்வு உங்க கைக்கு வராது, புகை மூக்குக்கு வராது. மண்ணு இறுகிடுச்சுன்னா இந்த விளக்கு பச்சையாயிடும்."

"பச்சையாயிடுமா? அப்ப நான் எதுக்கு?" என்று அவள் கம்பெனிக்காரரைக் கேட்கவில்லை, தம்பியைக் கேட்டாள். "சொல்லாம கொள்ளாம குதிரையை வித்துட்டியா?"

"விக்கல. கொட்டகையிலதான் இருக்கு. இது நாலு நாளைக்குப் பாக்கறதுக்கு எடுத்துட்டு வந்தது."

"என்னைக் கழட்டிவிடறதுக்குன்னு சொல்லேன்!"

அவள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. சுவர் ஓரமாகப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். கைகளை உதறிக்கொண்டே இருந்தாள். பின்னாலேயே தம்பி நடந்தான். அவளோடு சண்டை போட வேண்டுமானால் நடந்துகொண்டேதான் போட வேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

"அக்கா, கொஞ்சம் கேளு. நீ வெறுங்காலோட அதுகூட நடக்கிற. ஒரு நாள் அது உன் கால்ல ஏறிடும். எனக்கு அதைப் பாத்துட்டு வேலை ஓடல. அன்னைக்கு மூணு கல்லைத் தலைகீழா வெச்சேன் தெரியுமா? கால்தானே உனக்கு மண்ணைச் சொல்லுது, சரி, வெறுங்காலோடவே இரு. தள்ளி நின்னு இரு. அதுக்குத்தான் இது. ஓட்டப்போறது நீதான். வேற யாரும் தொடமாட்டாங்க."

பாதரசத்துக்கு முகத்தில் ஈயாடவில்லை. தான் அளந்த கதையை நம்பிக்கொண்டு, தன் கால் விரலுக்காக இவன் கம்பெனி கம்பெனியாக அலைந்து ஒரு மெஷினையே இழுத்து வந்திருக்கிறான். இதற்கு எப்படிக் கோபப்படுவது? இதற்கு எப்படி உண்மையைச் சொல்வது? "குடு" என்று கையை நீட்டினாள்.

கம்பெனிக்காரர் ரிமோட்டின் பட்டையை அவள் கழுத்தில் மாட்டினார். அதில் கட்டைவிரல் நுனி அளவுக்கு இரண்டு குமிழ்கள். "மெல்லத் தள்ளினா மெல்லப் போகும், அழுத்தித் தள்ளினா வேகமாப் போகும். பூ மாதிரி தொட்டாலே போதும் மேடம்" என்றார்.

பூ மாதிரி தொட வேண்டுமாம். அவள் கட்டைவிரலை வைத்தாள். வைத்தாளா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். தள்ளினாள். மெஷின் அசையவில்லை. இன்னும் கொஞ்சம். எவ்வளவு கொஞ்சம் என்று விரல் சொல்லவில்லை. மஞ்சள் மெஷின் ஒரே உறுமலாக உறுமிக்கொண்டு பாய்ந்தது. அளவுக் கயிறு அறுந்தது. விடு என்று மனசு சொல்லி, விட்டுவிட்டதாகத்தான் அவளும் நினைத்தாள், ஆனால் கட்டைவிரல் குமிழின் மேலேயே கிடந்தது. நேற்று தம்பி அடுக்கி முடித்த மேல் வரிசையில் மோதி, கற்களை அந்தப் பக்கம் உருட்டியது மெஷின். கம்பெனிக்காரர் ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அடித்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. நல்லவேளை. நெட்டையன் வேலி வரைக்கும் ஓடியே போயிருந்தான்.

"புதுசுல எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார் கம்பெனிக்காரர். அவர் பாவம், நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

தம்பி உருண்ட கற்களைப் பார்க்கவில்லை. அக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் குமிழை அழுத்திக்கொண்டிருந்தது. மெஷின் நின்று போய் இவ்வளவு நேரமாகியும் அழுத்திக்கொண்டிருந்தது.

அவன் போய், லாரிக்குக் கீழே அவள் வந்ததும் கழற்றிப் போட்டிருந்த பூட்ஸை எடுத்து வந்தான். "கல்லு சில்லெல்லாம் செதறிக் கிடக்கு. முதல்ல இதைப் போட்டுக்க."

கால்களை நுழைத்தாள். லேஸ் இரண்டு பக்கமும் தொங்கியது. அவள் குனியவில்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், ஒரு அடி எடுத்து வைக்கப் போனாள்.

"கட்டிக்கக்கா, தடுக்கும்."

"கட்ட வராதுடா."

"என்ன வராது?"

"விரல் செத்துப்போச்சு. ரொம்ப நாளாச்சு. காலையில உங்க மாமாதான் கட்டிவிடறாரு. அவுந்துபோனா எனக்குக் கட்டத் தெரியல, அதான் கழட்டிப் போட்டேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "காலும் இல்ல, மண்ணும் இல்ல. சும்மா அடிச்சுவிட்டேன்."

நெட்டையன் தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டான். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது, எதைப் பார்த்து என்று தெரியாத கோபம். அவன் அந்த மண்ணிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, அவள் இடது காலைப் பிடித்தான். அவள் வழக்கம்போல இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறினாள். லேஸ் அவன் கையிலிருந்து நழுவியது. மறுபடி பிடித்தான், மறுபடி நழுவியது.

"சும்மா நில்லேன்க்கா!" என்று அதட்டினான்.

விரல்கள் மதமதவென்று குடைந்தன. உதற வேண்டும்போல, எங்காவது நடக்க வேண்டும்போல உடம்பெல்லாம் பரபரத்தது. இரண்டு கைகளையும் தம்பியின் தோளில் வைத்து அழுத்திக்கொண்டு, அவன் இரண்டு முடிச்சும் போட்டு முடிக்கும்வரை, பாதரசம் அசையாமல் நின்றாள்.