ஒரு ஆற்றின் பெயர்களைக் கேட்க வந்தவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் பலேர்மோவில் ஒரு சட்டப் பேராசிரியையின் வீட்டில் வேலை செய்தேன். அவவைச் சிஞ்ஞோரா, அதாவது அம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஒருமுறை சிஞ்ஞோராவிடம் கனடாவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு விருந்தாளி வந்தா. அந்தக் கரையின் பூர்வகுடிப் பெண், என் வயதுதான் இருக்கும். பல்கலைக்கழகத்தில் பேச வந்திருந்தா. சிஞ்ஞோரா வகுப்புக்குப் போனபின், எனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில் இருவரும் சமையலறையில் இருந்து கதைத்தோம்.

மேசையில் பெரிய வரைபடமொன்றை விரித்தா. அது சுருண்டு சுருண்டு எழும்ப, நாலு மூலையிலும் மண்டரின் தோடம்பழங்களை வைத்தேன். ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் பேனையால் எழுதிய பெயர்கள் இருந்தன.

"இதெல்லாம் எங்கட ஆக்கள் வைச்ச பெயர். அரசாங்கத்தோட உடன்படிக்கைக்காகப் பேசிக்கொண்டிருக்கிறம். எல்லைக்கோடு கீற முதல் இதுகளைக் கேளுங்கோ எண்டு சொன்னம்."

உடன்படிக்கை என்ற சொல்லை அதுவரை நான் தேவாலயப் பூசையில்தான் கேட்டிருந்தேன். கடவுள் மனிதரோடு செய்வது. எங்கள் நாட்டில் அரசாங்கம் எழுதியவை வெறும் ஒப்பந்தங்கள், மை காய முதல் கிழிந்தவை.

"வந்து கேட்டவையோ?"

"ஓம். எங்கட மண்டபத்தில மூண்டு நாள் இருந்தவை. வயசானவை ஒவ்வொரு பெயராச் சொல்லிச்சினம். முதல் நாள் ஒரு அதிகாரி மணிக்கூட்டையே பாத்துக்கொண்டிருந்தார். மூண்டாம் நாள் அவரே, இந்தப் பெயரை எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டார்."

ஊரில் அரசாங்கம் என்றால் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்பவன். இஞ்சை என்றால் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் பெர்மெஸ்ஸோவுக்கு, வதிவிட அனுமதிக்கு, நிற்கும் வரிசை. அப்படிப்பட்ட அரசாங்கம் கதிரையில் இருந்து ஒரு ஆற்றின் பெயரைச் சொல்லிப் பழகுமா?

"அவை மாட்டம் எண்டு எழும்பிப் போனால்?"

"போயிருக்கினம். திரும்பி வருமட்டும் நாங்கள் இருந்தம். என்ர அப்பாவும் அந்தப் பேச்சு மேசையில இருந்தவர்."

அலுப்பே இல்லாத குரல். அதற்குப் பிறகு கத்தரிக்காய் வெட்ட எனக்குக் கை ஓடவில்லை.

இரண்டு வருடத்தின் பின் சிஞ்ஞோராவுக்கு அவவிடமிருந்து கடிதம் வந்தது. முதற்கட்ட இணக்கத்தில் இரு பகுதியும் கையெழுத்து வைத்துவிட்டன. முழு உடன்படிக்கைக்கு இன்னும் பல வருடம் போகும் என்றும் எழுதியிருந்தா. கூடவே ஒரு படம். கோட்டுப் போட்ட அதிகாரிகள் சுற்றி நிற்க, அவ நடுவில் பேனையோடு இருந்தா.

சிஞ்ஞோரா படத்தை என்னிடம் தந்தா. ஈரக்கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினேன்.