மெக்கானிக்கின் பட்டு நூல்

சின்ன காஞ்சிபுரத்தில் அந்த மெக்கானிக்கின் சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் பட்டு நூல் இருக்கும். நான் வாங்கிய பழைய காரில், மனைவியின் பக்கம் மட்டும் ஏசி அனலாக ஊதியது. சரியாகும்வரை ஏறமாட்டேன் என்றுவிட்டாள். வண்டியை அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் காற்று வரும் துளைகள் நான்கிலும் நூலைக் கட்டி, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை அணைத்தார். மூன்று நூல்கள் ஓய்ந்தன. மனைவி பக்கத்து நூல் மட்டும் உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது.

“மூச்சு வுட்டுக்கினு கீது சார். முன்ன இந்த சீட்ல யாரு குந்திக்கினு இருந்தாங்க?”

விற்றவரிடம் விலையைத் தவிர எதையுமே கேட்காத புத்திசாலி நான்.

உள்ளே காற்றைத் திருப்பிவிடும் தகடு உடைந்திருந்தது. அதை மாற்றினார், குளிர் வந்தது. அந்த ஒரு நூலை மட்டும் அவிழ்க்கவில்லை.

“வண்டிய ஆஃப் பண்ண பொறவு இது ஆடுச்சுன்னா, அம்மாவ எறக்கிடு சார்.”

பேயை நம்பாத நான் எஞ்சினை அணைத்ததும் அந்த நூலைத்தான் பார்ப்பேன். அவர் என்ன கண்டார் என்று இன்றும் தெரியாது. அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனைவி மட்டும் வண்டி நிற்பதற்குள்ளேயே கதவைத் திறந்துவிடுகிறாள்.