வலது பொக்கற்றில் ஆறு தோட்டா

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த மில்லிக்கனில் ஸ்ரீஸ்கந்தராசாவைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய இடது பொக்கற்றையும் தெரியும். கார்த் திறப்பு, இருமல் இனிப்பு, கோயில் திருநீற்றுப் பொட்டலம், யாரோ கொடுத்த கலியாண மண்டபத்து விசிட்டிங் கார்ட், பல்லுக்குத்தி என்று அதற்குள் ஒரு சின்னப் பலசரக்குக் கடையே இருக்கும். வலது பொக்கற்றைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் பேசுவதில்லை. அதற்குள் இருப்பது ஒரே ஒரு சாமான். றப்பர் பட்டியொன்றில் வரிசையாகச் செருகிய ஆறு றிவோல்வர் தோட்டாக்கள்.

பயந்துவிட வேண்டாம். மனிதர் கள்ளனும் இல்லை, சண்டியனும் இல்லை. வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசு கொண்டுபோகும் இரும்பு வண்டியில் பத்தொன்பது வருசமாக ஆயுதக் காவலர். இந்த நாட்டில் சாதாரண ஆட்கள் இடுப்பில் துவக்கோடு தெருவில் நடக்க முடியாது. அவருக்கு அரசாங்கம் எழுதிக் கொடுத்த அனுமதி உண்டு, அதுவும் வேலை நேரத்துக்கு மட்டும். பெரிய கொம்பனிகள் பிஸ்டலுக்கு மாறிப் பல வருசம் ஆகிவிட்டது. அவருடைய சின்னக் கொம்பனி இன்னும் பழைய றிவோல்வரையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. துவக்குக்குள் ஆறு தோட்டா, கைவசம் மேலதிகமாக ஆறு.

அந்த மேலதிக ஆறையும் இடுப்புப் பட்டியில் கொழுவிய தோல் உறையில்தான் வைக்கவேண்டும் என்று கொம்பனி சொல்கிறது. கொம்பனிக்கு என்ன, அது யோகராணியின் சமையலைச் சாப்பிட்டதில்லை. கலியாணம் கட்டிய நாள்முதல் மனைவியின் கைப்பக்குவத்தில் வளர்ந்த வயிறு அவருக்கு. வண்டிக்குள் குந்தினால் உறை சரியாக அந்த வயிற்றில் குத்தும். ஆகவே அவர் தோட்டாக்களைப் பொக்கற்றுக்கு இடம் மாற்றினார். யாரும் கவனிக்கவில்லை, கவனித்தவர்கள் கேட்கவில்லை.

பொக்கற்றில் தோட்டா வைப்பதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். அதை அவர் பட்டுத்தான் தெளிந்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வருசாந்தச் சுடுபயிற்சிப் பரீட்சையில், பயிற்றுநர் "நிரப்பு!" என்று கத்தினார். இவர் பொக்கற்றுக்குள் கையை விட்டு, கண்ணை இலக்கிலிருந்து எடுக்காமல், படித்தபடியே மளமளவென்று நிரப்பினார். மூன்றாவது ஓட்டைக்குள் போனது இருமல் இனிப்பு. பயிற்றுநர் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் எடுத்தது. அன்று தொடக்கம் வலது பொக்கற்றுக்குள் ஒரு ரிசுக் கடதாசித் தும்புகூடப் போனதில்லை.

கொண்டாட்டங்களில் இளசுகள் சுற்றி நின்று, "அங்கிள், எத்தினை பேரைச் சுட்டனீங்கள்?" என்று கிண்டுவார்கள். "கடதாசி மனிசரை மட்டும்தான் தம்பி, அதிலயும் பாதிப்பேர் தப்பிட்டினம்" என்பார். உண்மையும் அதுதான். ஊரில் போருக்குள் துவக்கைக் கண்டு ஓடிவந்த மனிதரின் கையில் இந்த நாடு ஒரு துவக்கை நம்பிக் கொடுத்தது என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. அதை வெளியே எடுக்காமலே பத்தொன்பது வருசம் ஓட்டியதில் அதைவிடப் பெருமை.

வீட்டில்தான் ஒரு பிணக்கு இருந்தது. யோகராணி நிலக்கீழ் அறையில் சேலைச் சட்டை தைப்பவர். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் தன் கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் படத்துக்கு முன்னால் வைப்பார். மகள் அட்சயாவின் லப்டொப் வைக்கப்படும். கார்த் திறப்பு வைக்கப்படும். குடும்பத் தலைவரின் பங்குக்கு மட்டும் ஒரு டோர்ச் லைற்.

"உதுதானோ உங்கட ஆயுதம்? ஊரெல்லாம் தங்கட தங்கட தொழில் சாமானை வைக்குது, நான் பற்றரியைக் கும்பிடுறன்" என்பார் யோகராணி.

"ராணி, அது கொம்பனிச் சாமான். வாசலைத் தாண்டேலாது."

அவர் சும்மா சொல்லவில்லை. போன வருசம் ஜெனாட் என்கிற சக காவலர் தோட்டாப் பட்டியைச் சாப்பாட்டுப் பையோடு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ஆயுத அறையில் மாலை ஏழு மணிக் கணக்கெடுப்பில் ஆறு குறைந்தது. ஒரு கிழமைக்குள் அனுமதி போனது, அனுமதியோடு வேலையும் போனது. இப்போது பிக்கரிங்கில் பார்சல் பிரிக்கிறார். ஜெனாட்டுக்கு முப்பது வயது. ஐம்பத்தெட்டு வயதில் தன்னை யார் வேலைக்கு எடுப்பார்கள் என்று ஸ்ரீஸ்கந்தராசா அன்றே யோசித்துப் பார்த்து, யோசிப்பதையே நிறுத்திவிட்டார்.

இந்த வருசத்துச் சரஸ்வதி பூசையன்று அவர் ஒரே அவசரத்தில் இருந்தார். ஆயுத அறையில் நாலு வண்டிக்காரர் ஒன்றாக வந்து குவிந்து நின்றார்கள். றிவோல்வரை நீட்டி, கையெழுத்து வைத்து, "பூசைக்குப் போகோணும்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். வீட்டில் காற்சட்டையைக் கழற்றி உடுப்புக் கூடைக்குள் எறிந்துவிட்டுக் குளிக்கப் போனார். வேட்டியும் திருநீறுமாக வெளியே வரும்போது மணி ஐந்தரை.

சாமி அறையில் எல்லாம் ஆயத்தம். அவல், கடலை, மோதகம். கத்தரிக்கோல், நாடா, லப்டொப், கார்த் திறப்பு. டோர்ச் லைற்றைக் காணவில்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், வெற்றிலையின் மேல், ஆறு தோட்டாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். மேலே ஒரு செவ்வந்திப் பூ.

அவருடைய கை, வேட்டியில் இல்லாத வலது பொக்கற்றைத் தேடியது.

யோகராணியின் முகமோ பூரித்துப் போயிருந்தது. உடுப்புத் தோய்க்க முன்னம் பொக்கற் தடவுவது அவருடைய வழக்கம். பட்டியைக் கண்டதும், கேட்டுக் கேட்டு அலுத்துப்போன காரியத்தை இந்த மனிதர் சொல்லாமலே செய்திருக்கிறாரே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! எனக்கெண்டு கொண்டந்திருக்கிறியள்."

"ராணி..." அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "நான் கொண்டரேல்லை. குடுக்க மறந்துபோனன். ஏழு மணிக்கு எண்ணுவினம். எடு, நான் ஓடோணும்."

அட்சயா தலையில் கை வைத்தாள். "அப்பா, ஆர் யூ சீரியஸ்? ஜெனாட் அண்ணாவுக்கு நடந்தது போலயோ?"

"வைச்ச ஆயுதத்தை நாளைக்கு விடிய, பூசை முடிச்சுத்தான் எடுக்கிறது" என்றார் யோகராணி. குரல் இறங்கியிருந்தது. "அப்ப, எனக்காகக் கொண்டரேல்லை."

ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு வேலையும் தெரிந்தது, மனைவியின் முகமும் தெரிந்தது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குப் பொய் வராது. "இல்லை ராணி" என்றார்.

யோகராணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். ஒரு மணித்தியாலம் இழுபடுகிற பூசை பத்து நிமிடத்தில் முடிந்தது. மணி அடித்த வேகத்தில் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் தீயணைப்பு வண்டியென்று நினைத்திருக்கும். கற்பூரம் காட்டி, கண்ணை மூடி உதடு அசைய என்னவோ வேண்டி, தோட்டாப் பட்டியை வெற்றிலையோடு சேர்த்து மோதகப் பெட்டியொன்றுக்குள் வைத்து மூடினார்.

"தா, நான் கொண்டுபோறன்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"உங்களிட்டையோ? உங்கட பொக்கற்றை இனி நான் நம்பமாட்டன். நானும் வாறன்."

அப்படித்தான், வேட்டிக்கு மேல் குளிர் ஜக்கற் போட்ட ஒருவரும், பட்டுச் சேலைக்கு மேல் குளிர் ஜக்கற் போட்ட ஒருவரும் காரில் ஏற, அட்சயா ஓட்டினாள். யோகராணி மோதகப் பெட்டியை மடியில் இறுகப் பிடித்திருந்தார். ஸ்டீல்ஸ் வீதியில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஸ்ரீஸ்கந்தராசா ஒரு முருகனைக் கூப்பிட்டார். முருகன்கள் போதவில்லை, விளக்குகள் கனக்க இருந்தன.

ஆறு நாற்பத்தெட்டுக்கு ஆயுத அறையின் கண்ணாடி யன்னலுக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே பொறுப்பாக இருந்தவர் றெஜினா, மன்னார்க் கத்தோலிக்கப் பெண், நாற்பது வயது. சாமி வரம் தந்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இவர்தான். கணக்கில் ஒரு தோட்டா பிசகினால் தன் தகப்பனையே நிறுத்திவைத்துக் கேட்பார்.

பெட்டியைத் திறந்த றெஜினா குங்குமப் பொட்டுகளைக் குனிந்து பார்த்தார்.

"சிறி அண்ணை, இதென்ன?"

"என்ர ஆறும். பொக்கற்றோட வீட்டை போட்டுது. உறையில வைக்காதது என்ர பிழை. மனிசி பூசையில வைச்சிட்டா." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

றெஜினா ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "நான் எண்ணத் தொடங்க முதல் வந்திட்டியள். அதால 'பிந்தி ஒப்படைச்சது' எண்டுதான் எழுதுவன். ஆனா எழுதாமல் விடமாட்டன், அண்ணை. எச்சரிக்கைக் கடிதம் வரும்."

"எழுதுங்கோ பிள்ளை." பிந்தி ஒப்படைத்ததற்கு வேலை போகாது என்பது அவருக்குத் தெரியும்.

எழுதி முடித்த றெஜினாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற யோகராணியைப் பார்த்துக் கேட்டார்: "அக்கா, எங்களுக்கு உந்தப் பூசை இல்லை, அதால கேக்கிறன். என்னெண்டு கும்பிட்டனீங்கள்? இவர் குறி தப்பாமல் சுடோணும் எண்டோ?"

"சீ!" என்றார் யோகராணி. "எல்லாரும் தங்கட ஆயுதம் நல்லா வேலை செய்யோணும் எண்டுதான் கும்பிடுவினம். நான் பத்தொன்பது வருசமா இவற்ற ஆயுதம் ஒருநாளும் வேலை செய்யக்கூடாது எண்டு கும்பிடுறன். டோர்ச் லைற்றுக்குச் சொல்லி என்ன பிரியோசனம்? ஒருக்கால் உந்தத் தோட்டாக்களிட்டை நேர சொல்லோணும் எண்டு ஆசைப்பட்டன்."

ஸ்ரீஸ்கந்தராசா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருசமும் தொழில் சாமான் கேட்டது ஊருக்குக் காட்டுகிற ஆசை என்றே நினைத்திருந்தார். நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு பாசமும் பொங்கி வந்தது.

"சொல்லியாச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம், சொல்லியாச்சு. வாங்கோ, மோதகம் ஆறுது."

எச்சரிக்கைக் கடிதம் மறு கிழமை வந்தது. இனித் தோட்டா தோல் உறையில் மட்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வலது பொக்கற் இப்போது வெறுமையாகக் கிடக்கிறது. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் விழும்போது உறை அவருடைய வயிற்றில் குத்துகிறது. குத்தும் போதெல்லாம் யோகராணியின் வேண்டுதல் அவருக்கு நினைவுக்கு வருகிறது. அது இன்றுவரை பலித்துக்கொண்டுதான் இருக்கிறது.