கேட்காமல் இடித்த பீடம்

என் மனைவியின் சாமித்தட்டைக் கழற்றியது நான்தான். ஒரு புதன்கிழமை காலை, அவள் வேலைக்குப் போன பிறகு, ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் எடுத்துக் கால்மணி நேரத்தில் வேலையை முடித்தேன். அடுத்த சனிக்கிழமை அவள் பாரிஸ் லாசப்பலில் இருந்த எங்கள் வீட்டை விட்டுப் போனாள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவளைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இல்லை.

நான் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். இருபத்தைந்து வருடம் பாரிஸ் உணவகச் சமையலறைகளில் நின்று முதுகுத்தண்டு தேய்ந்து, கடைசியில் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தேன். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. மனைவி அலுவலகங்கள் துப்புரவு செய்துவிட்டு மாலையில் வருவாள். பகலில் ஒருவரும் இல்லை. கூட வேலை செய்தவர்கள், ஊர்ச் சங்கத்துக்காரர்கள், கல்யாண வீட்டில் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தவர்கள், ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை. தமிழ்க் கிறிஸ்தவ சபை ஒன்றிலிருந்து இரண்டு பேர் மட்டும் தினமும் வந்தார்கள். சோறும் சொதியும் கொண்டுவந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் மாதம் ஞானஸ்நானம் எடுத்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

வருத்தம் எல்லாம் அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தில்தான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். எனக்கு வாழ்வு வரவில்லை, வசனம் வந்தது. வேலையிடத்தில் கத்தரிக்காய் வெட்டினாலும் வசனம், மெட்ரோ பிந்தினாலும் வசனம். புதுச் செருப்பு போட்டவனின் காலைத்தான் கடிக்கும். என்னுடையது பக்கத்தில் நடந்தவளைக் கடித்தது. தகப்பன் கட்டிய அந்நிய தெய்வத்தின் பீடத்தை இடித்துத் தள்ளிய ஒரு வாலிபனின் கதை வேதத்தில் உண்டு. அதைக் கேட்டதும் வீட்டில் குளிர்பெட்டிக்கு மேலே இருந்த சாமித்தட்டு என் கண்ணில் முள்ளாய்க் குத்தத் தொடங்கியது. அந்த வாலிபன் பயத்தில் ஊர் தூங்கும்போது போய் இடித்தானாம். நான் அவனை விடக் கெட்டிக்காரன், மனைவி பஸ் ஏறும் வரை காத்திருந்தேன்.

பெரிய தட்டு ஒன்றுமில்லை. முருகன் படம், அம்மன் படம், பித்தளைப் பிள்ளையார், விபூதிக் கிண்ணம், புகை எச்சரிக்கை மணி கத்தும் என்று மின்விளக்குப் பொருத்திய ஒரு குத்துவிளக்கு. எங்கள் கட்டட முற்றத்தில் மூன்று வகைக் குப்பைத் தொட்டிகள். நான் சட்டத்தை மதிக்கிற ஆள். கண்ணாடிகளை வெள்ளை மூடித் தொட்டிக்குள்ளும், படத்தாள்களை மஞ்சள் மூடித் தொட்டிக்குள்ளும், மிச்சத்தைப் பச்சை மூடித் தொட்டிக்குள்ளும் தரம் பிரித்துப் போட்டேன். விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு துண்டுச் சீலையில் சுற்றிய கல் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சாதாரணக் கல். செதுக்கவில்லை, சந்தனம் பூசவில்லை. இதையுமா கும்பிடுகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் பச்சைத் தொட்டிக்குள் போட்டேன்.

மாலையில் வந்தவள் வெறும் சுவரைப் பார்த்தாள். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன், பதில்கள் எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். அவள் படங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

“அந்தக் கல் எங்கை?”

“எந்தக் கல்?”

“சீலையில சுத்தி வைச்ச கல்.”

“உதெல்லாம் குப்பைக்குப் போட்டுது. இனி இந்த வீட்டில கல்லுக்கும் மண்ணுக்கும் இடமில்லை.”

அவள் செருப்புக்கூடப் போடாமல் ஆறு மாடிப் படியையும் இறங்கி ஓடினாள். குப்பை வண்டி மத்தியானமே வந்து போயிருந்தது. வெறுந்தொட்டிக்குள் தோள் வரைக்கும் கையை விட்டு அவள் துழாவுவதை நான் மேலே ஜன்னலில் நின்று பார்த்தேன். இறங்கிப் போகவில்லை. அது என்ன கல் என்று கேட்கவும் இல்லை. மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு தன்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீட்டில், நகருக்கு வெளியே பியர்ஃபித்தில், அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கடுத்த நாள் சபையில் இதையெல்லாம் வீரமாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே வீட்டில் நான் ஒருவன். ஒரு ஆளுக்கு அரிசி போட எனக்குக் கைவரவே இல்லை, முப்பது பேருக்குச் சமைக்கத் தெரிந்தவனுக்கு ஒருவனுக்குச் சமைக்கத் தெரியவில்லை. மிஞ்சியதை அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சாப்பிட்டேன். திங்கட்கிழமை எனக்கு லீவு. ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் மேலும் கீழும் நடப்பேன். எத்தனை தமிழ் முகம், எத்தனை தமிழ்ச் சத்தம். என்னிடம் பேசுவது மரக்கறிக் கடைக்காரர் ஒருவர்தான்.

“அக்கா எங்கை அண்ணை, கனநாளாக் காணேல்லை?”

“ஊருக்குப் போயிட்டா.”

ஒரு வருடம் கழித்தும் அதே பதிலைச் சொன்னேன். பிறகு அவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் கேட்காமல் விட்ட அன்றைக்கு எனக்கு உண்மையில் அழுகை வந்தது. மனைவி தொலைபேசியில் பேசுவாள், ஆனால் எல்லாம் கடிதத்தைப் பற்றித்தான். வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்ததா, விசா புதுப்பிக்க வரச்சொன்ன நாள், அந்த றோந்தேவு, எப்போது. “சரி, வைக்கிறன்” என்பாள். நான் போனைக் காதில் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் போதகர் ஒருநாள், “பிரதர், நீங்கள் ஒருக்காப் பேசவேணும். பலிபீடத்தைப் பற்றிப் பேசுங்கோ. உங்கடை சாட்சியையும் சேர்த்துச் சொல்லலாம்” என்றார். ஒரு மாதம் தவணை. எனக்குச் செய்ய வேறு என்ன இருந்தது? வேலைக்குப் போகுமுன் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பீடம் என்ற சொல் வருகிற இடமெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். கீழே பாலத்தின் மேல் மெட்ரோ போகும்போது மேசை கொஞ்சம் அதிரும்.

முதலில் எனக்குப் பிடித்தது, கோயில் கட்டுவதற்கு முன் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வைத்திருந்த கூடாரத்துப் பீடத்தின் சாமான் பட்டியல். சாம்பல் சட்டி, அகப்பை, முள்ளுக்கரண்டி, நெருப்புச் சட்டி. இது என் சமையலறை அல்லவா என்று நினைத்தேன். அணையாத நெருப்பு, கொழுப்பு, கத்தி, தினமும் காலையில் சாம்பல் அள்ள ஒரு ஆள். மாடு கொண்டுவர வசதி இல்லாதவன் இரண்டு புறாவைக் கொண்டுவரலாம், அதுவும் முடியாதவன் ஒரு பிடி மா கொண்டுவரலாம். இரத்தத்தில் உயிர் இருக்கிறது, உயிர் கொடுத்தவருக்குச் சொந்தம், அதனால் மனிதன் அதைத் தொடாமல் பீடத்தில் ஊற்றித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொலைப்பழிக்குப் பயந்து ஓடிவருகிறவன் பீடத்தின் மூலைக் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு அடைக்கலம் கேட்பான். விசா கேட்டு நின்ற எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை.

அதற்கும் முன்னால், கூடாரமும் கோயிலும் வருவதற்கு முன்னால், அவர்களுடைய முதல் தகப்பன்மார் நாடு நாடாக நடந்தவர்கள். போகிற வழியில் பீடம் கட்டியிருக்கிறார்கள். கடவுளை வரவழைக்க என்று நான் நினைத்திருந்தேன். பல இடங்களில் முறை வேறாக இருந்தது. கடவுள் முதலில் வந்து சந்தித்துவிடுகிறார், பிறகுதான் மனிதன் அந்த இடத்தில் பீடம் கட்டுகிறான். இங்கே எனக்கு ஒன்று நடந்தது என்று சொல்லத்தான். கட்டிவிட்டுத் தன் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறான். அண்ணனுக்குப் பயந்து தனியாக ஓடியவன் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து, விடிந்ததும் அதே கல்லை நிமிர்த்தி எண்ணெய் ஊற்றுகிறான். கல்லால் பீடம் கட்டினால் வெட்டிய கல் கூடாது, உளி பட்டால் தீட்டு என்று பிற்பாடு கட்டளையே வருகிறது. கிடந்தது கிடந்தபடி இருக்க வேண்டும். அதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு இரண்டு தட்டை உடைத்தேன்.

நாலாவது வாரம் ஆற்றங்கரைப் பீடத்துக்கு வந்தேன். இஸ்ரவேலரில் இரண்டரைக் கோத்திரத்தாருக்கு யோர்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் காணி கிடைத்தது. அவர்கள் ஆற்றோரம் பெரிய பீடம் ஒன்றைக் கட்டினார்கள். இந்தப் பக்கத்தார் அதைப் பார்த்துவிட்டு, வேறு தெய்வத்துக்குத்தான் கட்டிவிட்டார்கள் என்று கொதித்துப் படை திரட்டினார்கள். ஆனால் சண்டைக்கு முன் ஆள் அனுப்பி, இது எதற்கு என்று கேட்டார்கள். அந்தப் பக்கத்தார் சொன்ன பதில், இது பலிக்கும் இல்லை, காணிக்கைக்கும் இல்லை. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, ஆற்றுக்கு அப்பால் இருக்கிற உங்களுக்கும் எங்கள் கடவுளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு சாட்சி வேண்டும், அவ்வளவுதான். படை கலைந்து வீட்டுக்குப் போனது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆனால் ஆயுதம் எடுத்துக்கொண்டு நின்ற அந்த முரட்டு ஆட்களுக்கே கேட்கத் தோன்றியிருக்கிறது. ஒரே கட்டிலில் படுத்தெழும்பிய எனக்குத் தோன்றவில்லை. அவள் வன்னியில் கடைசிச் சண்டைக்குள் இருந்து வெளியே வந்தவள். நான் அதற்குப் பல வருடம் முன்பே பிரான்சுக்கு வந்துவிட்டவன். பதினொரு வருடக் குடித்தனத்தில் அங்கே என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அழுவாள் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், கேட்க எனக்குப் பயம். போதகருக்குப் போன் எடுத்து, வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள் என்றேன். திங்கட்கிழமை காலை கார் து நோர் ஸ்டேஷனில் பியர்ஃபித்துக்கு ரயில் ஏறினேன்.

அவளுடைய அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மின்னடுப்பு. சுவரில் ஒரு சாமிப் படமும் இல்லை.

“தட்டொண்டும் வைக்கேல்லையோ?”

“வைக்க என்ன இருக்கு?” என்றாள். தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தாள். “சாமிப்படம் லாசப்பல்ல எல்லாக் கடையிலயும் விக்குது.”

நான் இரண்டு வருடம் பிந்திய கேள்வியைக் கேட்டேன். “அது என்ன கல்லப்பா?”

கேட்கமாட்டேன் என்றே நினைத்திருப்பாள். கதிரையில் உட்கார்ந்தாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, கடைக்குப் போய்வந்த கதை சொல்கிற குரலில் சொன்னாள்.

“என்ரை அக்கா செல் பட்டுச் செத்தவ. பங்கருக்குப் பக்கத்திலதான் மூடினது. ஆக்கள் இல்லை, நான் சட்டியாலயும் கையாலயும் கிண்டினனான். அடையாளத்துக்கு வைக்க ஒரு கல்லுத்தான் கிடந்தது. வைச்சிட்டு வந்தா விடிய ஆரும் அடுப்புக்கு முண்டு குடுக்க எடுத்துக்கொண்டு போயிடுவினம். அதால நானே எடுத்துக்கொண்டு வந்தனான். வழியில சங்கிலி போச்சு, காப்புப் போச்சு. கல்லை ஒருத்தரும் கேக்கேல்லை.”

தண்ணீர் கொதித்து நின்றது. இருவரும் எழும்பவில்லை.

“நான் அதைக் கும்பிடேல்லை” என்றாள். “அக்கா எண்டு ஒராள் இருந்தவ எண்டதுக்கு என்னட்டை அது ஒண்டுதான் இருந்தது. படம் இல்லை, மரணச் சான்றிதழ் இல்லை. வேற ஒண்டும் இல்லை.”

ஆற்றங்கரையில் அந்த மக்கள் சொன்ன பதிலை அவள் படித்திருக்க வழியில்லை. நான் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். கடலுக்குள் போட்டிருந்தாலும் கரையிலாவது போய் நிற்கலாம். நான் போட்டது நகரத்துக் குப்பைக்குள். எரித்தார்களோ புதைத்தார்களோ, அது எங்கே போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

பிறகு நான், “எந்த இடம்?” என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வந்ததிலிருந்து அப்போதுதான் நேராகப் பார்த்தாள். மேசையில் விரலால் கோடு போட்டுச் சொன்னாள். “கடலைப் பாத்து நிண்டா வலக்கைப் பக்கம் ஒரு கட்டுக்கிணறு. கிணத்தில இருந்து ஒரு பன்ரண்டு அடி நடந்தா ரெண்டு பனை. ஒண்டுக்குத் தலை இல்லை, செல்லில போனது. தலை இல்லாத பனைக்கும் கிணத்துக்கும் நடுவில. பனைப்பக்கம் கிட்ட.” பிறகு, “சொல்லுங்கோ பாப்பம்” என்றாள்.

“கடலைப் பாத்து நிண்டா இடக்கைப் பக்கம்…”

“வலக்கை.”

“வலக்கைப் பக்கம் கட்டுக்கிணறு. பன்ரண்டு அடி. தலை இல்லாத பனைக்கும்…”

“முதல்ல ரெண்டு பனை எண்டு சொல்லோணும். இல்லாட்டி ஆருக்கும் விளங்காது.”

மூன்றாம் தரம் பிழையில்லாமல் சொன்னேன். ஆறிப்போன தண்ணீரைத் திரும்பக் கொதிக்கவைத்துத் தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள், குடித்தேன். வாசலில் சப்பாத்துப் போடும்போது, “வீட்டை வாறீரோ?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது.

“இல்லை” என்றாள். கதவைச் சாத்தப் போனவள் கையை எடுக்காமல் நின்றாள். “அடுத்த திங்களும் வாங்கோ. சரியாச் சொல்லுறீங்களோ எண்டு பாக்கோணும். எனக்கு ஏதும் நடந்தா, அந்த இடம் தெரிஞ்சது இனி நீங்கள் ஒராள்தான்.”