மைலேஜைக் குறைத்த மனிதர்

அமெரிக்காவின் அயோவாவில் கொலைகாரனுக்குக்கூட ஒரு வக்கீல் கிடைப்பார்; சோளத்துக்கு எதிரானவனுக்குக் கிடைக்கமாட்டார். ஊரைச் சுற்றி மக்காச்சோளம், அதிலிருந்து வண்டிக்கு எரிசாராயம் காய்ச்சும் ஆலை, ஆலையை நம்பிப் பாதி ஊர். இப்படிப்பட்ட புண்ணிய பூமியில், வாழ்நாளெல்லாம் சோளம் விதைத்த டெல்மர் ஹின்ரிக்ஸ், பெட்ரோல் பங்கில் சோளச் சாராயம் வரும் மஞ்சள் கைப்பிடியைத் தொட்டதேயில்லை.

"விலை கம்மிதான்யா. மைலேஜும் கால்வாசி போயிடுதே, கணக்குப் போட்டுப் பாரு" என்பார்.

பங்கில் தினமும் காலைக் காப்பிக்குக் கூடும் எங்கள் சபையில் யாரும் கணக்குப் போடவில்லை. துரோகி என்று ஒருமனதாகத் தீர்மானித்ததோடு சரி.

மைலேஜ் அவருக்கு மதம். பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு ஆக்சிலேட்டரை வருடுவார். அவர் மனைவி ஆர்லிஸ் அதே வண்டியை எடுத்தால் சர்ச் வாசலில் சரளைக்கல் தெறிக்கும். வாங்கிய நாளிலிருந்து வண்டி கொடுத்த சராசரி மைலேஜ் டாஷ்போர்டில் தெரியும். அதை அழிக்கும் பொத்தானைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவர் ஏற்றுவார், அவள் இறக்குவாள். கேலனுக்கு இருபத்திரண்டு மைலில் நின்றது அந்த இல்லறம்.

"நீ கடைக்குப் போயிட்டு வந்தா என் ஒரு வாரத்து உழைப்பு போச்சு, ஆர்லிஸ்."

"உன் உழைப்புல என் கால் குளிர்ல விறைச்சுப் போச்சு. இன்ஜினைக் கொஞ்ச நேரம் நின்னபடியே ஓடவிட்டு, சூடானப்புறம் கிளப்பினா கொறஞ்சா போயிடுவே?"

"நின்ன எடத்துல எரிச்சா அது பூஜ்யம் மைலேஜ்!"

அறுவடை முடியும் முன் ஒரு காலையில், சமையலறையில் ஆர்லிஸ் விழுந்தாள், எழவில்லை. சர்ச்சில் எல்லோரும் பன்றிக்கறி சாண்ட்விச் தின்று, வானிலை பேசி, அவளை அடக்கம் செய்தோம்.

சில வாரம் கழித்து டெல்மர் பங்குக்கு வந்தார். மஞ்சள் கைப்பிடியை எடுத்தார். சபை எழுந்து நின்றது.

"பாத்தீங்களா, திருந்திட்டான் கெழவன்!" என்று கத்தினான் பங்கு நடத்தும் லானி. இலவசமாக ஒரு டோனட் நீட்டினான். டெல்மர் அதை வாங்கிக்கொண்டு, சரளை தெறிக்க வண்டியைக் கிளப்பினார். துக்கம் முற்றிச் சோளப்பற்று ஆகிவிட்டதென்று சபை பெருமையோடு முடிவுகட்டியது.

ஒருநாள் என்னை ஏற்றிக்கொண்டவர், காலியான சாலையில் பூட்ஸ் காலால் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

"யோவ், பிரசவத்துக்கா போறோம்?"

அவர் டாஷ்போர்டைத் தட்டினார். "அவ போனப்புறம் நான் மட்டும்தானே ஓட்டறேன். இது இருபத்திரண்டரைக்கு ஏறிடுச்சு. அவ ஓட்டினதெல்லாம் இதுக்குள்ளதான்யா இருக்கு. நான் ஒழுங்கா ஓட்ட ஓட்ட அவ கரைஞ்சு போறா."

"அதுக்குத்தான் சோளமா?"

"வேற எதுக்கு? நாசமாப் போன சரக்கு, மைலேஜே இல்ல. இப்ப பாரு, திரும்பவும் இருபத்திரண்டு."

இதைச் சபையில் நான் சொல்லவில்லை. அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

ஜனவரியில் மூக்கு உதிரும் குளிர் வந்தது. அந்தக் குளிரில் சோளச் சாராயம் சட்டென்று பற்றாது. டெல்மர் சாவியைத் திருகித் திருகி பேட்டரியைக் கொன்றுவிட்டார். நான் என் பிக்கப்பைக் கொண்டுபோய், அதன் பேட்டரியிலிருந்து கேபிள் மாட்டினேன். இருமி இருமி இன்ஜின் பிடித்தது. டாஷ்போர்டு எரிந்தது. பேட்டரி செத்ததில் பழைய கணக்கு அழிந்து, எண் இருந்த இடத்தில் இரண்டு சிறு கோடுகள்.

டெல்மர் அதையே பார்த்தார். "போயிட்டா."

"சராசரிதானே, டெல். ஓட்டினா திரும்ப வரும்."

"என்னுது வரும்."

கேபிளைக் கழற்றிவிட்டு அவர் ஜன்னலுக்கு வந்தேன். வண்டி நகரவில்லை. அவர் எட்டி, பக்கத்து இருக்கைக்கு வெப்பக்காற்று வரும் துவாரத்தைக் கீழே, கால் வைக்கும் இடத்தைப் பார்க்கத் திருப்பிக்கொண்டிருந்தார். கோடுகள் மறைந்து பூஜ்யம் வந்தது.

"நின்ன எடத்துலயே எரியுது, டெல்."

"தெரியும். கொஞ்சம் சூடாகட்டும்."