சாலமன் சார் அப்டேட் செய்யவிடாத கணினி

சாலமன் சார் காலமான செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. காலையில் சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டு போனை எடுத்தால், எங்கள் கணினிக் குழுவின் வாட்ஸ்அப்பில் ராஜு அதைப் போட்டிருந்தார். குன்னூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்பக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே சாலமன் சார்தான். ஆகவே அவர் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாரோ அதையே செய்தேன். எங்கள் குழுவின் இணையப் பக்கத்தைத் திறந்து அவர் பெயருக்கு எதிரே இருக்கும் வரியைப் பார்த்தேன். அன்று விடிந்த பிறகுகூட அவர் கணினி ஒரு ஆராய்ச்சிக் கணக்கை முடித்து அனுப்பியிருந்தது. உடனே எழுதினேன்: "இது வதந்தி. சார் கணினி சற்றுமுன் கணக்கு அனுப்பியிருக்கிறது. யாரும் பரப்ப வேண்டாம்."

அடுத்த நிமிடம் ராஜு கூப்பிட்டார்.

"அக்கா, நான் அவங்க ஊட்டு வாசல்லதான் நிக்கறேன்."

"மெஷின் ஓடுதே ராஜு?"

"மெஷின் ஓடுதுங்க அக்கா. சார்தான் இல்லீங்க."

அவரை அறிந்தவர்கள் படிக்கும் இந்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அஞ்சலிக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அவரை மென்மையானவர், யாரையும் நம்புகிறவர் என்று சொன்னார்கள். வேறு யாருடைய கூட்டத்திலோ வந்து உட்கார்ந்துவிட்டேனோ என்று எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. நான் அறிந்த சாலமன் சார் கேத்திச் சந்தையில் கேரட் மூட்டையை அடிவரை கவிழ்த்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். வெலிங்டனில் ராணுவ ஸ்டோரில் சிவிலியன் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர். "பெட்டி மேல எழுதியிருக்கறதுதான் பெட்டிக்குள்ள இருக்கும்னு யாருங்கம்மா சொன்னா?" என்பார். வேலைக் காலம் முழுக்க அப்படிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தே பழகிய மனிதர்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது என் மகனால். அவன் விளையாடுவதற்காக வாங்கிய பெரிய கணினியை விட்டுவிட்டு வேலைக்காக பெங்களூர் போய்விட்டான். சும்மா கிடக்கிறதே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டில் எதுவும் வீணாகக் கூடாது என்று இருப்பவள் நான். அப்போதுதான் ராஜு சொன்னார்: நாம் பயன்படுத்தாத நேரத்தில் நம் கணினியை ஆராய்ச்சிக்காரர்களுக்கு இரவல் தரலாம். உடம்பில் உள்ள புரதங்கள் எப்படி மடங்குகின்றன, எங்கே தப்பாக மடங்கி நோயாகின்றன என்று பார்க்கிற பெரிய கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்து உலகம் முழுக்க வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். நம் கணினி ஒரு துண்டைப் போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்பும். கோயில் அன்னதானத்துக்கு அரிசி எடுத்து வைப்பதுபோல எனக்குப் பட்டது. சேர்ந்துகொண்டேன். குழுவில் இருந்த சாலமன் சார் முதல் நாளே என்னைக் கேட்டார்: "ஏனுங்கம்மா, எதுக்காகச் சேந்தீங்க? உள்நோக்கம் ஏதாச்சும் இருக்கா?"

"புண்ணியத்துக்குங்க சார்," என்றேன்.

"அது பெரிய உள்நோக்கம்," என்றார். சிரிக்கவில்லை.

அவர் எதற்காகச் சேர்ந்தார் என்று அவர் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. அவருடைய மனைவி கிரேஸ் அக்கா தேநீர் டம்ளரை என்னிடம் நீட்டினார். டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. இரண்டு கைகளும் நடுங்கின. நாங்கள் போடும் கணக்குகளில் அந்த நடுக்க நோய்க்கானதும் ஒன்று. சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கணினியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் கணக்குகளில் பெரும்பாடு படுவது கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டுக்கு இன்ன வேலையை இன்னமாதிரி செய் என்று எடுத்துச் சொல்லும் மென்பொருளை டிரைவர் என்கிறார்கள். அதற்கு அடிக்கடி புதிய பதிப்பு வரும். திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எழுந்து, என்னைப் போட்டுக்கொள் என்று நச்சரிக்கும். எல்லாரும் போட்டுக்கொள்வார்கள். சார் மட்டும் போடமாட்டார். ஒருமுறை அப்படி வந்த பதிப்பைப் போட்டதும் என் கணினி பறந்தது. முன்பு காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும் நேரம் வரை இழுக்கும் கணக்கு, மத்தியானச் சமையலுக்குள் முடிந்தது. நான் கற்பூரம் ஏற்றினேன். ராஜு குழுவில் எல்லாரையும் அப்டேட் செய்யச் சொன்னார். சார் மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"எப்படிங்கம்மா இவ்வளவு வேகமா முடியுது?"

"புது டிரைவருங்க சார்."

"ஒரு ஆள் திடீர்னு ரெண்டு ஆள் வேலையச் செஞ்சா, நான் ஸ்டோர்ல அவன் மூட்டையத்தான் முதல்ல பிரிப்பேன்."

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார்: "அவரு மெஷின் பின்னால நிக்குது. பொறாமைதான், வேறென்ன?" எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தவிர, தப்பு நடக்காமல் இருக்க ஒரு ஏற்பாடும் இருக்கிறது. ஒரே துண்டை இரண்டு வீடுகளுக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். என் விடைகள் எல்லாம் ஒத்துப்போயிருந்தன. அதைச் சொல்லத்தான் அவருக்குப் போன் செய்தேன்.

"அந்த இன்னொரு வீட்டுக்காரரும் புது டிரைவர் போட்டிருந்தா?" என்றார். "ரெண்டு பேரும் ஒரே தப்பச் சொன்னா அது சரியாயிடுமா?"

அவரே வழி சொன்னார். விடை தெரிந்த ஒரு சோதனைக் கணக்கை ஆராய்ச்சிக்காரர்களே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அதை என் கணினியில் புதிய டிரைவரிலும் அவர் கணினியில் பழையதிலும் ஓட்டிப் பார்க்கலாம். ராஜுவும் உடன் இருக்கட்டும் என்றார். ராஜுவையும் அவர் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். "சாருக்குப் புதுசுன்னாலே ஆகாதுங்க அக்கா. பல் துலக்கற பிரஷ்ஷையாச்சும் மாத்துவாரா?" என்று ராஜு கேலி செய்துகொண்டே வந்தார். விடைகள் வந்தன. சாருடையது ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்திருந்த விடையோடு ஒத்திருந்தது. என்னுடையது முதலில் ஒத்துப்போய், போகப்போக விலகி, கடைசியில் வேறு எங்கோ போய் நின்றது. ராஜுவின் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடியும் ஓட்டினோம். மறுபடியும் அப்படித்தான்.

சார் ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதினார். வேறு ஊர்களிலிருந்தும் அதே புகார் போயிருந்ததாம். அந்தப் பதிப்பை எடுத்துவிடுங்கள், அதில் போட்ட கணக்குகளை மறுபடியும் போடப்போகிறோம் என்று எல்லாருக்கும் அறிவிப்பு வந்தது. "சார், ஜெயிச்சிட்டீங்க," என்றார் ராஜு. சார் கோபப்பட்டார்.

"என்னத்த ஜெயிச்சேன்? தப்புக் கணக்க அனுப்பறதுக்கு அனுப்பாமலே இருக்கலாம். அதை நம்பி ஒருத்தன் மருந்து தேடுவானே!"

அப்போது உள்ளே கிரேஸ் அக்காவின் கையில் ஏதோ பாத்திரம் ஆடும் சத்தம் கேட்டது. நாங்கள் மூவரும் அதைக் கேட்காததுபோல இருந்தோம்.

அதன்பிறகு எங்களுக்குள் ஒரு முறை வந்தது. எந்தப் புதிய டிரைவர் வந்தாலும் முதலில் நான் போட்டுக்கொள்வேன். அவர் பழையதிலேயே இருப்பார். இரண்டிலும் சோதனைக் கணக்கை ஓட்டி, வேகத்தையும் விடையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். சரியாக இருந்தால்தான் குழுவில் மற்றவர்களுக்குச் சொல்வோம். "நீங்க எனக்குச் சாட்சி, நான் உங்களுக்குச் சாட்சி. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னுடக்கூடாது," என்பார்.

அவருடைய சந்தேகம் தோற்றதும் உண்டு. போன மழைக்காலத்தில் அவர் கணினி மந்தமாகிவிட்டது. நான் அப்போது போட்டுப் பார்த்திருந்த டிரைவர் சரியாக இருந்ததால் அந்த ஒருமுறை அவரும் போட்டிருந்தார். பழி அதன்மேல் விழுந்தது. பழையதற்கு மாற்றினார், சரியாகவில்லை. அதற்கும் முந்தையதற்குப் போனார். என்மேல்கூடச் சந்தேகம் வந்தது. "நீங்க ஓட்டிப் பாத்தீங்களா, இல்ல ஓட்டுனதா சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. நேராக அவர் வீட்டுக்குப் போனேன். சார் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். மேகம் இறங்கி வாசல் தெரியவில்லை. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனால், கணினிக்கு முழுக்கக் கம்பளிப் போர்வை போர்த்தியிருந்தது. நம் ஊரில் ஈரத்துக்குப் பயந்து ரேடியோவுக்குக்கூட உறை தைப்பவர்கள் உண்டு, அப்படி என்று நினைத்தேன். பார்த்தால், கிரேஸ் அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் அந்தப் போர்வைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குளுர்ல நடுக்கம் ஜாஸ்தியாவுது சாமி. இது கதகதன்னு இருக்குது. அவர்கிட்டச் சொல்லிப்போடாத."

கார்டு சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிரைவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை. சார் திரும்பி வந்து அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து போர்வையை எடுத்து அக்காவின் மடியில் விரித்தார். கணினியைத் திருப்பி, சூடான காற்று வெளியேறும் பக்கம் அக்காவின் நாற்காலியைப் பார்த்து இருக்கும்படி வைத்தார். என்னைப் பார்த்து, "ஊட்டுக்குள்ள இருக்கறவங்களத் தவிர எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டேங்கம்மா," என்றார். அவரிடமிருந்து மன்னிப்பு என்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அடக்கம் முடிந்த சில நாட்களில் அக்காவைப் பார்க்கப் போனேன். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மருமகன் கணினி முன் உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையில் அதே சின்னப் பெட்டி எழுந்து நின்றது.

"ரொம்ப நாளா அப்டேட்டே பண்ணாம வெச்சிருக்காரு ஆன்ட்டி. எல்லாத்தையும் போட்டு விட்டுடறேன்."

"வேண்டாங்க தம்பி," என்றேன். "புதுசை நான் முதல்ல போட்டுப் பாக்கணும். இது பழசுலயே ஓடட்டும். அப்பத்தான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

"மாமாவே இல்லையே. யாரு ஆன்ட்டி ஒப்பிட்டுப் பாக்கப் போறாங்க?"

நியாயமான கேள்வி. அக்கா தன் நாற்காலியில்தான் இருந்தார். மடியில் கம்பளி. இரண்டு கைகளும் அந்தச் சூடான காற்றில் நீண்டிருந்தன. நடுக்கம் இருந்தது, கொஞ்சம் அடங்கின நடுக்கம்.

"அவ பாப்பாங்க மாப்ளே," என்றார் அக்கா, என்னைக் காட்டி. "அதத் தொடாதீங்க."

மருமகன் எழுந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து என் கணினியில் புதிய டிரைவரைப் போட்டேன். இந்த முறையும் வேகம் கூடியது. கற்பூரம் ஏற்றவில்லை. சோதனைக் கணக்கை ஓட்டி, விடையை எடுத்துக்கொண்டு மறுநாள் வெலிங்டனில் உள்ள சார் வீட்டுக்குப் போய், அவர் கணினியிலும் ஓட்டினேன். இரண்டும் ஒத்துப்போயின. ஒத்துப்போனதையும் உடனே நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினேன். பிறகுதான் ராஜுவிடம் குழுவில் சொல்லச் சொன்னேன்.

சுவாமியை நான் சந்தேகப்படுவதில்லை. மற்றதை எல்லாம் ஒருமுறை பிரித்துப் பார்க்கிறேன். சாலமன் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கம். குழுவின் பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே கணக்குகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. புதிதாகச் சேர்கிறவர்கள் அவரை உயிரோடு இருக்கிறவர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

போகும்போதெல்லாம் அக்கா கேட்பார்: "அவர் கணக்கு ஓடுதா சாமி?"

"ஓடுதுங்க அக்கா. பழசுலதான்."