செடியைத் திருத்தலாம், படத்தைத் திருத்துவதுதான் பேஜார்

செடி வளர்ப்பது பாதி வேலை. வளர்ந்த செடியைப் போனில் செடி மாதிரியே காட்டுவது மீதி வேலை. ஆம்பூர் பக்கம் நர்சரி நடத்துகிறேன். என்னைப் போல் வாட்ஸ்அப்பில் செடி விற்று வசவு வாங்கும் சகோதரர்களே, கேளுங்கள்.

உச்சி வெயில்

ஒரு ஷூ கம்பெனி ஆபீசுக்கு லாரி நிறைய தொட்டிச் செடி வேண்டும். பர்ச்சேஸ் மேடம் படம் பார்த்துத்தான் எடுப்பாராம்; பெங்களூர்க்காரன் ஒருவனும் போட்டிக்கு நிற்கிறான். விடுவேனா? நட்ட நடு மத்தியானம் வெயிலில் நிறுத்தி எடுத்து அனுப்பினேன். இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. “உங்களுக்குச் செடி வேணுமா, படம் வேணுமா?” என்று எகிறினேன். மேடம் அசரவில்லை.

“படம் பிடிச்சாதாங்க செடி.”

கறுப்புத் தோல்

மறுநாள் காலை இளவெயிலில், பச்சை வலைக்கு அடியில் எடுத்தேன். இலை தேறியது. பின்னால் உரமூட்டையும் கொடியில் காயும் என் லுங்கியும் சேர்ந்து விழுந்தன. தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் நண்பன் சலீமிடம் பேரம் பேசி, கழித்துப் போட்ட கறுப்புத் தோல் ஒன்றை வாங்கி, செடிக்குப் பின்னால் தொங்கவிட்டேன். நல்ல பளபளப்பு. படத்தைப் பார்த்தால் தோலுக்குள் நானே நிற்கிறேன். சலீம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“தோஸ்த், செடியை விட உன் தொப்பைதான் ஜாஸ்தி வளர்ந்திருக்கு!”

பச்சையோ பச்சை

தோலைத் திருப்பிப் போட்டேன். சொரசொரப்பான பின்பக்கம் வெளிச்சத்தை அப்படியே குடித்துவிட்டது. இலை எடுப்பாக நின்றது. அதோடு விட்டேனா? போனில் கலரை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். முதலில் ஒரு குரோட்டன்ஸ் படத்தை ஸ்டேட்டஸில் போட்டுப் பார்த்தேன். என்னிடம் வழக்கமாகச் செடி வாங்கும் வேலூர் நர்ஸ் ஸ்டெல்லா, அந்தக் குரோட்டன்ஸுக்காகவே பஸ் ஏறி வந்துவிட்டார். போனைச் செடி பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“அண்ணே, படத்துல இருக்கிறவரு எங்க? இவரு அவரோட ஏழைத் தம்பியா?”

ஓட்டை இலை

சுருக்கென்றது. இதே படம் மேடத்துக்குப் போயிருந்தால் லாரி அப்படியே திரும்பி வந்திருக்கும். நானும் டேனரியில் திட்டு வாங்கி வளர்ந்தவன்தான். அங்கே சாயம் சரியா என்று சாம்பிள் தோலைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். அதேபோல் ஒரு நிஜ இலையைப் போன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாகும்வரை கலரை இறக்கினேன். சாய்ந்த தொட்டியை நிமிர்த்தினேன், ஓரத்தை வெட்டினேன். ஒரு செடியில் பூச்சி கடித்த ஓட்டை இருந்தது. விரலால் தேய்த்தால் போனே அழித்துவிடும். ‘இருந்துட்டுப் போகட்டும்’ என்று அப்படியே அனுப்பிவிட்டேன்.

மேடம் கூப்பிட்டார். “ஒரு இலை ஓட்டையா இருக்கே?” சண்டைக்கு வாயைத் திறந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

“பெங்களூர் படத்துல ஒரு கீறல்கூட இல்ல, பிளாஸ்டிக்கோன்னு சந்தேகமா இருக்கு. நீங்களே லாரியில ஏத்தி அனுப்புங்க. ஆனா அந்த ஓட்டைச் செடிக்கு ரேட்டைக் கம்மி பண்ணுங்க!”

உள்ளதை உள்ளபடி படம் எடுத்தால் செடி விற்கும் என்பது உண்மைதான், பேரம் பேச எதிராளிக்கு ஒரு ஓட்டையும் கிடைக்கும்.